வாழைநாரை உரசினால் வரும் மின்சாரம் எதற்கு ஆகும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். உங்கள் ஊரில் தார் வெட்டிய பிறகு வாழைத்தண்டு வீணாகப் போகிறது. நார் பிரிக்கும் இயந்திரம் கையில் இருக்கிறது. தாவர நாரில் செய்த தாளை டெஃப்லான் மேல் தட்டினால் மின்சாரம் வருவதாக ஒரு வீடியோ பார்த்திருக்கிறீர்கள். அதில் திரையில் 300 வோல்ட் தெரிகிறது, நூறு எல்இடி பளிச்சென்று எரிகிறது. இதை வைத்து போன் சார்ஜ் செய்ய முடியுமா, பணம் போட்டு இறங்கலாமா என்பது கேள்வி. அந்த 300 வோல்ட் நிஜமா, ஏமாற்று வேலையா என்ற சந்தேகமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. முதலில் அதற்கே பதில்: 300 வோல்ட் நிஜம். ஆனாலும் போன் சார்ஜ் ஆகாது. இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்துகிறது என்று விளங்கிவிட்டால், பணம் போடுவதைப் பற்றி நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

நான் ஜவுளித் துறை ஆள். நூற்பாலைச் சோதனைக்கூடத்தில் பல வருடம் இருந்தேன்; பிறகு கல்லூரியில் மாணவர்களின் செல்லுலோஸ் (தாவர நாரின் அடிப்படைப் பொருள்) ஆய்வுகளுக்கு வழிகாட்டினேன். உரசலில் பிறக்கும் மின்சாரம் எனக்கு முதலில் அறிமுகமானது மில்லில், பெரிய தொல்லையாக. காற்று உலர்ந்த நாளில் பாலியெஸ்டர் ஓட்டினால் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் இருந்து வரும் வெப் என்ற மெல்லிய இழைப்படலம் ரோலரில் ஒட்டும், இழைகளை இழுத்து நேராக்கும் டிரா பிரேமில் லேப்பிங் விழும் (இழை உருளையில் சுற்றிக்கொள்ளும்), கேனில் இறங்கும் சிலைவர் என்ற முறுக்காத பஞ்சுத் திரியின் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிலிர்த்து நிற்கும். அருகில் கையைக் கொண்டுபோனால் கையிலுள்ள முடி எழும். அந்த மின்னூட்டத்தை எப்படி விரட்டுவது என்பதே அன்றைக்கு எங்கள் கவலை. அதையே பிடித்து வைத்துப் பயன்படுத்தலாம் என்ற ஆராய்ச்சி பின்னால் வந்தது. மின்சுற்று வடிவமைப்பு என் துறை இல்லை. பொருள்களைப் பற்றியும் அளவிடுவதைப் பற்றியும் மட்டும் உறுதியாகப் பேசுவேன்.

இந்தக் கருவிக்கு டிரைபோஎலக்ட்ரிக் நானோஜெனரேட்டர் என்று பெயர். சுருக்கமாக டெங் என்பார்கள். 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஜாங் லின் வாங் குழு முதன்முதலில் வெளியிட்டது. அதில் தாவரப் பொருள் எதுவும் இல்லை. பாலியெஸ்டர் படலமும், கேப்டான் என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் படலமும்தான். செயல்படும் விதம் எளிது. இரண்டு வேறு பொருள்கள் தொட்டுக்கொள்ளும்போது ஒன்றின் பரப்பிலிருந்து மின்னூட்டம் மற்றதற்குப் போகிறது. வாழைநார்த் தாளும் டெஃப்லானும் என்றால், டெஃப்லான் எதிர்மின்னூட்டம் பெறும், தாள் நேர்மின்னூட்டம் பெறும். இரண்டும் மின்சாரம் கடத்தாத பொருள்கள் என்பதால் மின்னூட்டம் அங்கேயே தங்கிவிடும். இப்போது இரண்டையும் விலக்குங்கள். முதுகுப் பக்கம் ஒட்டியிருக்கும் உலோகத் தகடுகளுக்கு இடையே மின்னழுத்தம் எழும். கம்பி வழியே எலக்ட்ரான்கள் ஓடும். மறுபடி சேர்த்தால் திரும்பி ஓடும். ஆக வருவது இரு திசை மின்னோட்டம், துடிப்புத் துடிப்பாக. தேய்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, தொட்டு விலகினாலே போதும். தேய்த்தால் உண்மையில் தொடும் பரப்பு கூடுகிறது, கூடவே நாரும் தேய்ந்து பிசிறடிக்கிறது. தாவர நாரில் செய்வதானால் தட்டி விலகும் அமைப்பே நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். உள்ளங்கை அளவு தாள், 50 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எந்த ரசாயன வேலையும் செய்யாத செல்லுலோஸ் பரப்பில் சதுர மீட்டருக்கு 10 மைக்ரோகூலும் (கூலும் என்பது மின்னூட்டத்தை அளக்கும் அலகு) மின்னூட்டம் தங்கினால் அது நியாயமான அளவு. அப்படியானால் உங்கள் தாளில் தங்குவது 50 நானோகூலும். விலகும்போது 300 வோல்ட் எழுகிறது. ஒரு தட்டலில் கிடைக்கும் ஆற்றல், மின்னூட்டத்தை வோல்ட்டால் பெருக்கி இரண்டால் வகுத்தால், 7.5 மைக்ரோஜூல். நடக்கிற வேகத்தில் விநாடிக்கு இரண்டு தட்டு என்றால் 15 மைக்ரோவாட். இன்றைய போன் பேட்டரி 5000 மில்லிஆம்பியர்-மணி. ஆற்றலாகப் பார்த்தால் ஏறத்தாழ 69,000 ஜூல். வகுத்துப் பாருங்கள்: இடைவிடாமல், இரவும் பகலும், எந்த இழப்பும் இல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு முறை முழு சார்ஜ் ஆக 146 வருடம். கருவியை நூறு மடங்கு மேம்படுத்தினாலும் ஒன்றரை வருடம் ஆகும். வோல்ட் அதிகம், ஓடும் மின்னூட்டம் மிகக் கொஞ்சம். அதனால்தான் 300 வோல்ட்டைத் தொட்டும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

நூறு எல்இடி எரிந்ததும் பொய்யில்லை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தேவை சுமார் 2 வோல்ட். நூறுக்கும் சேர்த்து இருநூறு சொச்சம். இந்தக் கருவியிடம் தாராளமாக இருப்பது வோல்ட் ஒன்றுதான். சில மைக்ரோஆம்பியர் ஓடினாலே நல்ல எல்இடி இருட்டறையில் கண்ணுக்குத் தெரியும்படி மின்னும். அந்த மின்னல் ஒரு விநாடியின் சிறு பகுதிதான் நிற்கிறது; அடுத்த தட்டுக்கு மறுபடி மின்னுகிறது. வீடியோவில் தட்டுகிற கை நிற்காமல் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதே நூறு எல்இடியையும் பக்க இணைப்பில் வைத்தால் ஒன்றுகூட எரியாது. ஆகவே எல்இடி எரிவதை மட்டும் வைத்து எந்தப் பொருள் சிறந்தது என்று முடிவு செய்யாதீர்கள். மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியை (கெப்பாசிட்டர்), அது எவ்வளவு பெரியது, எத்தனை நேரத்தில் எத்தனை வோல்ட்டுக்கு ஏற்றியது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தரும் ஆய்வுக்கட்டுரையை நம்பிப் படிக்கலாம்.

மின்தேக்கியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 3 வோல்ட்டுக்கு ஏற்ற 30 மைக்ரோகூலும் வேண்டும். உங்கள் தாள் ஒரு தட்டில் போக 50, வர 50 என்று 100 நானோகூலும் தரும். ஆக 300 தட்டு. இந்த 300 தட்டில் கருவி உண்டாக்கக்கூடிய ஆற்றல் 2250 மைக்ரோஜூல். மின்தேக்கியில் சேர்ந்திருப்பதோ 45 மைக்ரோஜூல். நூற்றுக்கு இரண்டு பங்குதான் கைக்கு வந்தது. 300 வோல்ட்டில் பிறந்ததை நேராக 3 வோல்ட் பாத்திரத்தில் ஊற்றியதால் வந்த இழப்பு இது. இடையில் வோல்ட்டைக் குறைத்து மின்னூட்டத்தைப் பெருக்கித் தரும் சுற்று வேண்டும். அதற்கென்று பல வடிவமைப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சுற்றே சில மைக்ரோவாட்டைத் தின்னும். மொத்தமே 15 இருக்கும் இடத்தில் அது சின்ன விஷயமில்லை. இந்தப் பகுதிக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆளைக் கூட வைத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம்.

அப்படியானால் 15 மைக்ரோவாட்டை வைத்து என்னதான் செய்யலாம்? குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்றரை வோல்ட்டில் ஏறத்தாழ ஒரு மைக்ரோஆம்பியர் எடுக்கும். அது தாராளமாக ஓடும். வெப்பநிலையை அளந்து சில நிமிடத்துக்கு ஒரு முறை புளூடூத்தில் அனுப்பும் சிறு கருவியும் சாத்தியம். ஒரு முறை அனுப்ப நூறு மைக்ரோஜூல் அளவில் வேண்டும், சேர்த்து வைத்து அனுப்பலாம். என் கணிப்பில் இதைவிடப் பெரிய பயன் வேறு இடத்தில் இருக்கிறது: ஆற்றலைச் சேர்க்காமல், வரும் துடிப்பையே செய்தியாகப் படிப்பது. தாளை மிதித்தால் துடிப்பு, கதவு திறந்தால் துடிப்பு, இயந்திரம் அதிர்ந்தால் அதிர்வின் வடிவிலேயே துடிப்பு. உணரும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கவே வேண்டாம், அதுவே தருகிறது. கட்டுரைகளில் 'தானே மின்சாரம் தரும் சென்சார்' என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் அந்தத் துடிப்பைப் படித்து அனுப்பும் சிப்புக்கு மின்சாரம் வேண்டும்; அது பல செயல்விளக்கங்களில் மேசைக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்தோ பிளக்கிலிருந்தோ வருகிறது. வீடியோ பார்க்கும்போது அந்த ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

தாவரப் பொருள் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். தொட்டால் எந்தப் பொருள் நேர்மின்னூட்டப் பக்கம், எந்தப் பொருள் எதிர்மின்னூட்டப் பக்கம் போகும் என்று வரிசைப்படுத்தும் பட்டியலை 1757இலேயே யோஹான் கார்ல் வில்கே வெளியிட்டார். 2019இல் ஜார்ஜியா டெக் குழு, ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலிமர்களைத் திரவப் பாதரசத்தோடு தொடவைத்து எண்ணாகவே அளந்து கொடுத்தது. வழக்கமான பட்டியல்களில், டெஃப்லானோடு ஒப்பிட்டால், செல்லுலோஸ் நேர்மின்னூட்டப் பக்கம் நிற்கிறது. அதன் மூலக்கூறுச் சங்கிலி நெடுக இருக்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதிகளும் ஆக்சிஜனும் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க எளிதாக இசைவதே காரணம் என்பார்கள். பருத்தி, வாழைநார், சணல், மரக்கூழ்த் தாள் எல்லாம் அடிப்படையில் இந்தச் செல்லுலோஸ்தான். லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறு தாவரப் பொருள்களும் விகிதம் மாறிக் கலந்திருக்கும். ஆக வாழைநாருக்கென்று தனி மின்சக்தி கிடையாது. நல்ல வடிதாள் ஒன்றை எடுத்துச் செய்தாலும் ஏறக்குறைய அதே அளவு வரும். உங்கள் வேலை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம்தான் தாவரத்துக்குக் கடினம். எலக்ட்ரானை இறுகப் பிடிக்கும் பொருள்களில் முன்னால் நிற்பவை டெஃப்லான், எஃப்இபி போன்ற ஃப்ளூரின் பாலிமர்கள், பிறகு சிலிக்கோன். 'தாவரக் கருவி' என்று தலைப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் தாவரம், மறுபக்கம் டெஃப்லானோ சிலிக்கோனோ இருக்கும். முதுகில் செம்போ அலுமினியமோ. ஐரோப்பாவில் 2023 தொடக்கத்தில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து ஃப்ளூரின் சேர்மங்கள் ஆயிரக்கணக்கானவற்றை ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்த முன்மொழிந்தன. டெஃப்லானும் அதில் அடக்கம். மாற்று தேடுவதற்கு இது நல்ல காரணம். தாவரத்திலிருந்தே எதிர்ப்பக்கம் செய்ய முடியும் என்பதை நான் நம்புகிறேன், அதற்கு ஆதாரமும் இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் கம்பளியில் தேய்த்த எபோனைட் தண்டு நினைவிருக்கிறதா? எதிர்மின்னூட்டம் பெறும் பொருள் என்று பாடத்தில் படித்தோமே, அது ரப்பர் மரத்துப் பாலைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்து இறுக்கியது. அம்பரும் அப்படித்தான், புதைந்து இறுகிய மரப்பிசின். கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களை வைத்திருக்கும் நமக்கு இந்தப் பாதை இன்னும் கொஞ்சம் கவனிக்கத் தக்கது.

செல்லுலோஸையே இரண்டு பக்கத்துக்கும் மாற்றிக் காட்டிய வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. 2017இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் செல்லுலோஸ் நானோநாரை (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய நார்) எடுத்து ஒரு பகுதியில் நைட்ரோ தொகுதியையும் இன்னொரு பகுதியில் மெத்தில் தொகுதியையும் இணைத்தார்கள். நைட்ரோ ஏறியது எதிர்மின்னூட்டத்துக்குத் திரும்பியது: சதுர மீட்டருக்கு 85.8 மைக்ரோகூலும். மெத்தில் ஏறியது நேர்மின்னூட்டத்தில் 62.5 வரை போனது. ஃப்ளூரின் படலமான எஃப்இபி தருவதோடு ஒப்பிட்டால் முறையே 71 விழுக்காடு, 52 விழுக்காடு. பிளாஸ்டிக்கே இல்லாமல் இவ்வளவு தூரம் போனது பெரிய காரியம். ஆனால் இரண்டையும் எதிரெதிரே வைத்துச் செய்த கருவி தந்தது சராசரி 8 வோல்ட், 9 மைக்ரோஆம்பியர். வெறும் எண்ணைப் பார்த்து இதை உங்கள் 300 வோல்ட்டோடு ஒப்பிட்டு ஒதுக்கிவிடாதீர்கள். பரப்பு, அழுத்தம், இடைவெளி, அளந்த விதம் எல்லாம் வேறு. இன்னொன்று, நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பிடிக்கும். பழைய சினிமா பிலிம் சுருள்கள் கிடங்கோடு எரிந்தது இந்தப் பொருளால்தான். வீட்டுக் கொட்டகையில் நைட்ரிக் அமிலத்தை வைத்துக்கொண்டு செய்து பார்க்கும் வேலையில்லை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மரத்தை அப்படியே பயன்படுத்தியும் செய்திருக்கிறார்கள். 2021இல் சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிக் குழு ஸ்ப்ரூஸ் மரப்பலகையில் ஒன்றுக்குச் சிலிக்கோன் பூசியது, மற்றதன் பரப்பில் ஜிஃப்-8 என்ற உலோக-கரிமப் படிகங்களை வளர்த்தது. இரண்டையும் சேர்த்தபோது வெறும் மரத்தைப் போல 80 மடங்கு வெளியீடு. ஏ4 தாள் அளவுப் பலகையை மிதித்து எல்இடி விளக்கும் கால்குலேட்டரும் இயங்கின. மரத்தை எந்தத் திசையில் அறுக்கிறோம் என்பதும் வெளியீட்டை மாற்றியது என்று அதில் காட்டினார்கள். நார்த் தாள் செய்கிறவர்களுக்கு இது முக்கியமான குறிப்பு, இழைகள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். ஆனால் 80 மடங்கைத் தந்தது மேலே போட்ட பூச்சும் படிகமும். மரம் தாங்கி நிற்கிறது.

உயிருள்ள செடியிலேயே இது நடக்கிறது என்பதைக் கேட்டால் வியப்பீர்கள். 2018இல் இத்தாலியின் பொன்டெடெராவில் உள்ள ஆய்வுக்கூடத்தில் அரளிச் செடியை எடுத்துக்கொண்டார்கள். நம் நான்குவழிச் சாலைகளின் நடுவே வரிசையாகப் பூத்து நிற்கிறதே, அதே அரளி. இலையைச் சிலிக்கோன் ரப்பரால் தொட்டு விலக்கினால் ஒரே இலையிலிருந்து 150 வோல்ட்டுக்கு மேல் வந்தது. நூறு எல்இடி மின்னின. இலையின் மேல்தோலில் மெழுகும் க்யூட்டின் என்ற பாலிமரும் சேர்ந்த படலம் இருக்கிறது. அது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் காப்புப் பொருள். அதற்கு அடியிலுள்ள திசு உப்புநீரால் நிறைந்தது. அது கம்பியின் வேலையைச் செய்கிறது. தண்டில் ஒரு ஊசியைச் செருகினால் போதும், மின்சாரத்தை வெளியே எடுக்கலாம். காப்பும் கடத்தியும் ஒரே இலையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தபோது, நாரைப் பிரித்துக் கூழாக்கித் தாளாக்கி உலோகம் ஒட்டும் நம் வேலை எவ்வளவு சுற்றுவழி என்று எனக்குத் தோன்றியது. வாழையிலையின் பளபளப்பான மேல்பக்கத்திலும் மெழுகு உண்டு. நாரை விட்டுவிட்டு இலையை ஒரு மாணவர் முறையாக அளந்து பார்த்தால் பயனுள்ள வேலையாக இருக்கும்.

இந்த மெழுகு எதற்கு முக்கியம் என்றால், தாவர நாரின் பெரிய பகை ஈரம். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க உதவும் அதே ஹைட்ராக்சில் தொகுதிதான் காற்றிலுள்ள நீரையும் இழுத்துப் பிடிக்கிறது. நூல் வியாபாரத்தில் ஒவ்வொரு நாருக்கும் எவ்வளவு ஈரத்தை எடைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விகிதம் வைத்திருக்கிறார்கள்: பருத்திக்கு 8.5 விழுக்காடு, விஸ்கோஸுக்கு 11 முதல் 13, சணலுக்கு 13.75, பாலியெஸ்டருக்கு வெறும் 0.4. வாழைநார் பருத்தியைத் தாண்டிச் சணல் பக்கம் நெருங்கி நிற்கும். நீர் ஏறிய நாரில் மின்னூட்டம் நிற்காது, கசிந்து ஓடிவிடும். உலர்ந்த பருத்திக்கும் மழைக்காலப் பருத்திக்கும் மின்தடையில் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருக்கும். மில்லில் நாங்கள் காற்றில் ஈரம் ஏற்றும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் வைத்து, நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியில் ஈரப்பதத்தை 55, 60 விழுக்காடு என்று நிறுத்திவைப்பதற்கு ஒரு காரணம் இதுதான்: அந்த அளவில் பருத்தியில் மின்னூட்டம் தங்காது. எங்களுக்கு நன்மையாக இருந்தது உங்கள் கருவிக்குக் கெடுதல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆண்டின் பெரும்பகுதி காற்று அந்த 60ஐத் தாண்டியே இருக்கும்.

ஆகவே எந்த ஆய்வைப் படித்தாலும் ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 30, 40 விழுக்காட்டில் குளிரூட்டிய அறையில் எடுத்த எண் ஐப்பசி மாதத்து உங்கள் கொட்டகைக்குப் பொருந்தாது. மாணவர்களின் கருவிகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது: காலையில் அடுப்பில் உலர்த்தி எடுத்த கையோடு அளந்தால் உயரமாக வரும் துடிப்பு, மதியத்துக்குள் தாள் ஈரம் குடித்துக் குடித்துப் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மறுபடி உலர்த்தினால் மறுபடி ஏறும். மெழுகு பூசலாம், சிலேன் ரசாயனத்தால் நீர் ஒட்டாமல் ஆக்கலாம், முழுக் கருவியையும் பையில் போட்டு மூடி ஒட்டலாம். மூன்றும் வேலை செய்யும். ஆனால் மெழுகு பூசிய பிறகு தொடுகிற பரப்பு மெழுகு. அங்கே உரசுவது வாழைநார் இல்லை. மூடி ஒட்டினால் மூடும் பை பிளாஸ்டிக். மெழுகே தாவரத்திலிருந்து வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரேசில் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு கடையிலேயே கிடைக்கிறது. எதை அளக்கிறோம் என்பதை நேர்மையாக எழுதிவிட்டால் போதும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனிச் சொல்பவை இன்னும் விவாதத்தில் இருப்பவை. தொடும்போது பரப்பைத் தாண்டிப் போவது எலக்ட்ரானா, அயனியா, கண்ணுக்குத் தெரியாமல் பிய்ந்து ஒட்டும் பொருளின் துணுக்கா? இரண்டு உலோகங்களுக்கு இடையே என்றால் எலக்ட்ரான் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். பாலிமரும் நாரும் என்றால் மூன்று கட்சிக்கும் ஆள் இருக்கிறது, ஒவ்வொருவரிடமும் நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, ஒரே பரப்பில் நேரும் எதிரும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடப்பதைப் படம் பிடித்துக் காட்டியது. நாம் அளப்பது அவற்றின் கூட்டிக் கழித்த மிச்சம். 2025இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: ஒரே சிலிக்கோனில் செய்த, ஒன்றுபோலிருக்கும் துண்டுகள்கூடத் திரும்பத் திரும்பத் தொட்டபின் தங்களுக்குள் ஒரு வரிசைக்கு வந்துவிடுகின்றன, எந்தத் துண்டு அதிகம் தொட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் இடம் மாறுகிறது. அப்படியானால் பொருளின் பெயரை மட்டும் வைத்து வரிசை போடுவது போதாது, அதன் தொட்ட வரலாறும் கணக்கில் வரும். இயற்கை நாருக்கு இது இரட்டிப்புச் சிக்கல்: பூவன் நார், நேந்திரன் நார், வெளியடுக்கு, உள்ளடுக்கு, எவ்வளவு நாள் ஊறியது என்று ஏற்கெனவே ஆயிரம் வேறுபாடு. ஈரத்தைப் பற்றியும் எதிர்க்கருத்து உண்டு. ஸ்டார்ச் படலத்தில் செய்த கருவி 95 விழுக்காடு ஈரத்திலும் நன்றாக வேலை செய்ததாக 2020இல் ஒரு சீனக் குழு வெளியிட்டது. படலத்தில் ஒட்டிய நீர் மூலக்கூறுகளே மின்னூட்டத்தில் பங்கெடுக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். சாத்தியம்தான். ஆனால் வாழைநார்த் தாளும் அப்படியே நடக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நான் பார்த்தவரை நடக்கவில்லை.

'மண்ணில் மக்கும் கருவி' என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் செல்லுலோஸ் மக்கும், சந்தேகமில்லை. சிலிக்கோன் ஏற்றிய மரம் மக்காது. நானோநாராகப் பிரிக்க ரசாயனமும் உயர் அழுத்த இயந்திரமும் நிறைய மின்சாரமும் வேண்டும். காரத்தில் ஊறவைத்தால் அந்தக் கழிவுநீரை எங்கே விடுவீர்கள் என்ற கேள்வி வரும். திருப்பூரும் ஈரோடும் அந்தக் கேள்வியில் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

செய்து பார்ப்பதானால் அளப்பதில் கவனம் வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். இந்தக் கருவியின் உள்தடை பல பத்து, பல நூறு மெகாஓம் இருக்கும். மீட்டரே கருவியின் மின்னழுத்தத்தை இழுத்துக் கீழே தள்ளிவிடும், உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் வழக்கமான பிரோபும் (அளக்கும் முனை) 10 மெகாஓம்தான். உள்தடை மிக மிக அதிகமான எலக்ட்ரோமீட்டர் என்ற கருவி உள்ள ஆய்வகத்தைத் தேடுங்கள். மாறாக, நீண்ட ஒயர் ஆன்டெனாபோல வேலை செய்து வீட்டு லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடித்து, ஒன்றுமில்லாத இடத்தில் பெரிய வோல்ட் காட்டுவதும் உண்டு. தட்டுகிற கையும் பாலியெஸ்டர் சட்டையும் தாமே மின்னூட்டம் கொண்டுவரும். அதனால் கையால் தட்டி எடுத்த எண் வேண்டாம். மோட்டார் தட்ட வேண்டும். அதே அசைவை இரண்டு பரப்பும் தொடாமல் ஒரு முறை ஓட்டி அளந்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். வெப்பமானியும் ஈரமானியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பணம் போடுவதைப் பற்றி. மின்சாரம் விற்கும் தொழிலாக இதில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். மாணவர் ஆய்வாக, சென்சார் முயற்சியாக என்றால் மனதார வரவேற்பேன், நல்ல துறை. ஆனால் உங்கள் வீணாகும் தண்டுக்கு இது வழியாகாது, அதன் காரணம் எடையில் இருக்கிறது. உள்ளங்கை அளவுத் தாள், சதுர மீட்டருக்கு 60 கிராம் கனம் என்றால், 0.3 கிராம். ஒரு கிலோ நாரில் மூவாயிரத்துக்கும் மேல் கருவி செய்துவிடலாம். நாளை இது உலகம் முழுக்க வெற்றி பெற்றாலும் உங்கள் ஒரு தோப்பின் நாரே மிஞ்சிப்போகும். தண்டைத் தீர்க்க வேண்டுமானால் டன் கணக்கில் நார் கேட்கும் பொருள் வேண்டும்: கயிறு, பாய், கெட்டித் தாள், பொதி அட்டை. அதற்குத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திடம் போய்ப் பேசுங்கள். நார் எடுப்பதிலும் அதைப் பொருளாக்குவதிலும் அவர்களுக்கு அனுபவம் உண்டு.

அதோடு ஒன்று செய்யலாம். பக்கத்துக் கல்லூரியில் இந்த ஆய்வு நடந்தால் உங்கள் நார்த் தாளை இலவசமாகவே கொடுங்கள். கொடுக்கும்போது ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்: எந்த ரகம், தண்டின் எந்த அடுக்கு, எந்த மாதம் வெட்டியது, எத்தனை நாள் ஊறியது, தாளின் கனம் எவ்வளவு. 'வாழைநார்' என்று மட்டும் எழுதியிருக்கும் கட்டுரைகளில் இந்த விவரம் எதுவும் இருப்பதில்லை. அதனால் ஒருவர் அளந்ததை இன்னொருவரால் திரும்பச் செய்து பார்க்க முடிவதில்லை.